மாப்பிள்ளைக்குக் கோபம் மூட்டப் போனோம்

எங்கள் வீட்டு விசேஷங்களில் எடுத்த எந்தப் போட்டோவிலும் நான் இருக்க மாட்டேன். போட்டோக்காரர் எல்லாரையும் வந்து நிற்கச் சொல்லும்போது எனக்குச் சரியாக அடுப்படியில் ஒரு வேலை வந்துவிடும். வராவிட்டால் வரவழைத்துக் கொள்வேன். சின்ன வயதிலிருந்தே அப்படி ஒரு கூச்சம். அது ஒரு கல்யாணப் பேச்சுக்கு உதவும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

சுரண்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறேன். வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவேன். அவன் வீடு தென்காசியை ஒட்டிக் குத்துக்கல்வலசையில். எங்கள் ஊரில் ஒரு கார் வந்தால் யார் வீட்டுக்கு என்று வாசலுக்கு வந்து பார்ப்போம். தென்காசியில் சீசன் நேரத்தில் ரோட்டைக் கடக்க நின்றால் நின்ற இடத்தில் வேர் விட்டுவிடலாம். கேரளா வண்டிகள், மதுரை வண்டிகள், தலையில் எண்ணெய் வழிய ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிற ஆண்கள். அதையெல்லாம் வாய் பார்த்துத் திரிய எனக்கு ரொம்ப ஆசை. வாயைத் திறந்து வழி கேட்பதுதான் ஆகாது. அதனால் பேசத் தெரிந்த ஒருத்தர் பின்னாலேயே போய்விடுவேன். தம்பி பொண்டாட்டி அதற்கு ரொம்பத் தோது. அவள் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் வீட்டுக் கதையும் சேர்ந்து வரும்.

இந்த வருஷம் நான் போய் இறங்கியபோது வீட்டில் தம்பி மகளுக்கு மாப்பிள்ளைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. அவன் போட்டோ இங்கே வந்தது. இங்கிருந்து பெண்ணின் போட்டோவும், புது வீடு பால் காய்ச்சியபோது குடும்பமாக நின்று எடுத்த போட்டோவும் அங்கே போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வந்து போன கையோடு பதில் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர. நான் மாடியில் துணி காயப்போடும்போது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அத்தே, அவருக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியணும்."

"கோவக்காரன்னு யாரும் சொன்னாவளா?"

"அதில்ல. கோவம் வந்தா சத்தம் போடுவாரா, பேசாம இருந்துருவாரா? சத்தம் போட்டாக்கூடப் பரவால்ல. எங்கப்பா மாதிரிப் பேசாம இருக்க ஆளு எனக்கு வேண்டாம்."

என் தம்பி நல்லவன்தான். ஆனால் வீட்டு ஆள் மேல் கோபம் வந்தால் வாயைப் பூட்டிவிடுவான். ஒருமுறை பூட்டினால் திறக்க ஒரு மாசம்கூட ஆகும். அந்த ஒரு மாசமும் இந்தப் பிள்ளைதான் நடுவில் நின்று தபால் கொடுக்கும். 'உங்கப்பாட்ட சோறு இருக்குன்னு சொல்லு.' 'உங்கம்மாட்ட வேண்டாம்னு சொல்லு.' இத்தனைக்கும் மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பேசப் பழகிய நாளிலிருந்து அவளுக்கு அந்த வேலைதான்.

அவள் அம்மாவிடம் நான் இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அப்ப நாமளே போய் அந்தப் பையனுக்குக் கோவம் மூட்டிப் பாத்துருவோம் மதினி."

"எப்படிட்டி மூட்டுவ?"

"ஜவுளிக்கடக்காரனுக்குக் கோவம் மூட்ட என்ன படிப்பா வேணும்? எல்லாத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் எடுக்காம வந்தாப் போதும்."

மறுநாள் தம்பியிடம் பெரிய கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சொன்னது பொய்யாகக் கூடாது என்று முதலில் கோயிலுக்குள் போனோம். கோபுர வாசல் காற்று சேலையைப் பிடித்து இழுக்க, உள்ளே ஒரு சுற்று சுற்றினோம். சாமியிடம் அவள் என்னவோ நெடுநேரம் பேசினாள். நான் மாட்டிக்கொள்ளாமல் வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கடைத்தெருவில் பூக்காரியைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி, குடைக்கம்பி கண்ணைக் குத்தாமல் குனிந்து குனிந்து அந்த ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். "சின்ன மொதலாளி குத்தாலத்துல சீசன் கடையில இருக்காரு" என்றார்கள். அதற்கென்ன என்று குற்றாலம் பஸ் ஏறிவிட்டோம். பஸ்ஸில் பாதிப் பேர் அருவியில் குளிக்க இப்போதே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் மேல் உரசி என் முழங்கையும் குளிக்கத் தயாராகிவிட்டது.

அருவிக்குப் போகிற வழியில் தகரம் போட்ட நீளக் கடை. குளித்துவிட்டு மாற்ற இல்லாதவர்களுக்கான சாமான் எல்லாம் இருந்தது. துண்டு, லுங்கி, டவுசர், நைட்டி. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளை வேட்டி. இரண்டு பேரும் தெரியாதவர்கள் மாதிரி உள்ளே போவது என்று ஏற்பாடு. அவள் நேராகப் போய் நின்றாள். நான் சாரலுக்கு ஒதுங்கியவர்களோடு கடை ஓரத்தில் ஒதுங்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.

பையன் போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு. நல்ல லட்சணம்தான்.

அவள் ஆரம்பித்தாள். நைட்டியை எடுத்துப் போடச் சொன்னாள். நீலத்தில் வேண்டும் என்றாள். எல்லா நீலமும் வந்தது.

"இந்த நீலமில்ல தம்பி. மயில்கழுத்து நீலமாவும் இருக்கப்பிடாது, கத்திரிப்பூ நீலமாவும் இருக்கப்பிடாது. நடுவுல ஒண்ணு."

"அதுக்கென்ன அத்தை, பாத்துருவோம்."

மேல்தட்டிலிருந்து இறக்கினான். இவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, கசக்கி, உதட்டைப் பிதுக்கினாள். பிறகு நைட்டியே வேண்டாம், துண்டு காட்டு என்றாள். துண்டு மலைபோலக் குவிந்தது. அவன் முகம் கோணவில்லை. நடுவில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரவழைத்தான். பஜ்ஜியைத் தின்றுவிட்டு அவள் ஒரே ஒரு கைக்குட்டை எடுத்துக்கொண்டாள். அதற்கும் அவன் எழுந்து நின்று, "பாத்துப் போங்க அத்தை, பாறை வழுக்கும்" என்றான்.

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது 'தங்கம்' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் உடனே பின்னால் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. கடைக்கு வந்த மற்றப் பெண்களை எல்லாம் அவன் அக்கா என்றான், அம்மா என்றான். இவள் மட்டும் எப்படி அத்தை ஆனாள்?

அவள் தலை மறைந்ததும் அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். கடையில் வேலை பார்க்கிற பெரியவரைப் பார்த்துச் சொன்னான்.

"தெரிஞ்சுதா அண்ணாச்சி? பொண்ணோட அம்மா. போட்டோவுல உடுத்தியிருந்த அதே மாம்பழக் கலர் சேலை. நம்மளச் சோதிச்சுப் பாக்க வந்திருக்காவ."

"அதான் பஜ்ஜியா" என்றார் பெரியவர்.

ஜவுளிக்கடைக்குப் போகிறோம், இருப்பதில் நல்லதாக உடுத்தினால்தான் மதிப்பார்கள் என்று அவள் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து உடுத்திய சேலை அது. வேவு பார்க்கப் போகிறவள் அடையாளத்தைத் தானே சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

கிளம்பி வரும்போது கடை வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'ஈரக்கையோடு துணியைத் தொடாதீர்கள்' என்று இருந்தது. கீழே மலையாளத்திலும் எழுதியிருந்தது. அவனுக்குக் கோபம் வருகிற இடம் ஜாதகத்தில் எங்கே இருக்கிறதோ, எனக்கு இந்தப் பலகையில் இருந்தது.

அருவிக்கரையில் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். குற்றாலம் வரை வந்து தலை நனைக்காமல் போனால் மலைக்கே அவமரியாதை. மாற்றுச் சேலையும் எண்ணெயும் பையில் இருந்தன. உச்சந்தலை குளிர நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்க் கூட்டத்துக்குள் நுழைந்தோம். அருவிக்கு அடியில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே மட்டும் நான் நன்றாகப் பேசுவேன். தலையில் கல்லைக் கொட்டியதுபோலத் தண்ணீர் விழ விழ, "ஏட்டி, அவன் உன்னைக் கண்டுபிடிச்சிட்டான், நீ ஏமாந்துட்ட" என்று ஆசை தீரக் கத்தினேன். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். தள்ளி வந்து மெதுவாகச் சொன்னபோதுதான் முகம் விழுந்தது.

"பஜ்ஜி தின்னதுகூட நடிப்பாக்கும்" என்றாள்.

"நீ நெசமாத்தான் தின்ன."

கொஞ்ச நேரம் முடியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீங்க எந்தப் போட்டோவுலயும் கெடையாதுல்ல மதினி?"

என்னைப் போகச் சொல்கிறாள், எனக்கோ பேச வராது. ஆனால் பலகை ஞாபகம் வந்தது. ஒரு துண்டை ஈரவிரலால் தொடுவது, அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது, வந்துவிடுவது. அதற்கு வாயைத் திறக்க வேண்டாம்.

மாற்றுச் சேலை உடுத்தாமல் சொட்டச் சொட்டப் போய்க் கடையில் நின்றேன். யாரும் திரும்பவில்லை. ஒரு துண்டைத் தொட்டேன். யாரும் பார்க்கவில்லை. இன்னொன்றைத் தொட்டேன். அவன் யாருக்கோ டவுசர் அளவு பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை முழுதாக வைத்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆயுசு முழுக்க யார் கண்ணிலும் படாமல் இருந்து பழகினால், வேண்டுமென்று பட நினைத்தாலும் முடிவதில்லை.

கால் வலித்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் விரித்த பெஞ்சு ஒன்று இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மெத்தென்று அமுங்கியது. பெஞ்சு அமுங்காதே என்று யோசிப்பதற்குள் பிளாஸ்டிக் வழுக்கிக் கீழே போய்விட்டது. எனக்கு அடியில் இருந்தது வெள்ளை வேட்டி அடுக்கு. சேலைத் தண்ணீர் அதில் இறங்கியது. விழாமல் இருக்கச் சாய்ந்துகொண்டதில் தலை எண்ணெயும் பக்கத்து அடுக்கில் ஏறியது. இவ்வளவு நான் நினைக்கவே இல்லை.

பெரியவர்தான் முதலில் பார்த்தார். அவர் "ஏய்யா" என்றதும் பையன் திரும்பினான்.

"ஏ ஆச்சி, எந்திரி. எந்திரிங்கேன்லா. போர்டு வச்சிருக்குல்ல, கண்ணு தெரியலயா? வெள்ள வேட்டி. இனி எவனாவது இத வாங்குவானா? குத்தாலத்துல ஒக்கார வேற எடமே கெடைக்கலயா ஒங்களுக்கு?"

அருவிச் சத்தத்தையும் மீறிய சத்தம். சிப்ஸ் கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சத்தம் போடுகிறவன்தான். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிக்க வேற செய்யுதாவ பாரும் அண்ணாச்சி."

"நாந்தான் கவனிக்காம..." என்று பெரியவர் இழுத்தார்.

"உம்மையா சொன்னேன்? நீரு சும்மா இரும்."

மேலே இருந்த வேட்டியைச் சர்ரென்று உருவினான். பச்சைக் கரை போட்ட வேட்டி. என் தோளில்தான் வீசப் போகிறான் என்று நினைத்தேன். கையில் கொடுத்தான்.

"இது இனி வீண்தான். தலையத் தொவட்டுங்க. நல்லா தொவட்டுங்க ஆச்சி, எண்ணெய் இன்னும் எறங்கல. இந்தச் சாரல்ல சளி புடிச்சா நான் பொறுப்பில்ல."

துவட்டினேன். அவன் மீதி வேட்டிகளைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டே பொருமினான். பொருமல் குறைந்து முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு நின்றது. பிறகு திரும்பி, "டீ குடிக்கியளா?" என்றான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வேட்டியை நீட்டினேன். "கொண்டு போங்க, எனக்கு எதுக்கு அது" என்றான். அந்த டீ பஜ்ஜி இல்லாத டீ. நான் யாரென்று தெரியாமல் கேட்டது, அதனால் உண்மையான டீ.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மகள் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தம் போட்டாரா?"

"பக்கத்துக் கடைக்காரரு எட்டிப் பாத்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வாழைப்பழம் உரிச்சுத் திங்க நேரம்."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரா?"

"டீ குடிக்கியளான்னு கேட்டான்."

சிரித்தாள். சிரித்த முகம் மெல்ல மாறியது.

"அத்தே, உங்கள அவருக்கு யாருன்னு தெரியாது. எங்கப்பாவும் வெளியாள்ட்ட சத்தம் போடத்தான செய்வாரு? வீட்டு ஆள்ட்டதான வாயத் தெறக்க மாட்டாரு?"

அந்தப் பிள்ளை சொன்னது சரி. அரைக் குளம் தாண்டிவிட்டு அக்கரை வந்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். டிபனுக்கு இட்லியும் கேசரியும். நான் வழக்கம்போல அடுப்படியில். பையன் என் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று வேறு பயம். தம்பி பொண்டாட்டி, "கையலம்ப பின்பக்கந்தான் வருவாரு, நீங்க அடுப்பப் பாத்து நின்னுக்கிடுங்க மதினி" என்று சொல்லிவைத்திருந்தாள். கூடத்தில் தம்பி குரல் கேட்டது. விருந்தாளிகளிடம் என்ன அழகாகப் பேசுகிறான்.

சாப்பிட்ட கையோடு பையன் அடுப்படி வழியாகக் கொல்லைக் குழாய்க்குப் போனான். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். திரும்பி வரும்போது சரியாக இட்லி வெந்துவிட்டது. வெந்ததை எடுக்காமல் இருக்க முடியுமா? தட்டைத் தூக்கித் துணியோடு கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டுப் பார்த்தால், துணியின் ஓரத்தில் பச்சைக் கரை.

அந்த வேட்டியைச் சீயக்காய் போட்டுத் துவைத்து, வெந்நீரில் அலசி, அவள் இட்லித் துணியாகக் கிழித்திருந்தாள். "புதுத் துணியில இட்லி பூ மாதிரி வரும்" என்று. எனக்கும் அது அப்போது சரியாகத்தான் பட்டது.

பையன் நின்றுவிட்டான். கரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். அவளுடைய அம்மாவைப் பார்த்தான். அவள் அன்றைக்கு வேறு சேலை உடுத்தியிருந்தாள். என்ன பிரயோஜனம்.

அவன் ஒன்றும் பேசவில்லை.

காப்பி ஆற்றிய கை நின்றது. அந்தப் பிள்ளை முகத்தை நான் பார்த்தேன். சின்ன வயதில் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவில் தபால் கொடுக்க எழுந்து நிற்கும்போது இருந்த அதே முகம். எனக்கு இட்லித் தட்டு கையில் சுட்டது தெரியவில்லை. பேசு மகனே, எதையாவது பேசு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இட்லித் துணியாக்கிட்டியளா?"

கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"என் வேட்டிய இட்லித் துணியாக்கி, அதுல அவிச்சு எனக்கே வச்சிருக்கிய. அன்னிக்கு ஊமை ஆச்சின்னுலா நான் எரக்கப்பட்டேன். நீங்க போனப்புறமும் மனசு கேக்கல, அண்ணாச்சிட்ட அந்த ஆச்சியத் திட்டிட்டமேன்னு சொல்லிச் சொல்லி... எல்லாரும் சேந்துல்ல என்னைச் சோதிச்சுப் பாத்திருக்கிய?"

"நீங்க மட்டும்?" என்றாள் அந்தப் பிள்ளை. அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "எங்கம்மாவுக்குப் பஜ்ஜி வாங்கிக் குடுத்து நீங்க ஏமாத்தலயா?"

"அது மரியாதை."

"இதுவும் மரியாததான். புதுத் துணி."

"கோவமா இருக்கேன், சிரிக்காத" என்றான். அவள் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவனுக்கும் உதடு துடித்தது. என் பக்கம் திரும்பி, இன்னும் கோபம் போகாத குரலில், "சளி புடிச்சுதா ஆச்சி?" என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் எனக்கே ஆச்சரியமாக வாய் திறந்தது. "நீ சொன்னபடி நல்லாத் தொவட்டுனேன்யா."

"பேசவும் செய்யுதாவளா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்தப் பிள்ளை அம்மா காதருகே போய், "சரின்னு சொல்லிருங்கம்மா" என்றாள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

கூடத்திலிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அங்கன என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் தம்பி பொண்டாட்டி. நெய் விட்ட கேசரி மாதிரி இனித்தது அவள் குரல். "மாப்பிள்ள சத்தம் போடுதாரு."

நான் துணியை அலசிப் பிழிந்து, தட்டில் விரித்து, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றினேன்.